வேலியே பயிரை மேயலாமா?

மாணவர் விடுதி ஒன்றை நினைத்துக்கொள்வோம். அங்கே நூறு மாணவர், நூறு பெட்டிகள், நூறு பூட்டுகள். ஒருவருடைய பொருளும் களவு போகவில்லை, ஒருவரும் முறையிடவுமில்லை. எனினும் ஒருநாள், மாணவர் யாவரும் வகுப்புக்குச் சென்றிருந்த வேளையில், விடுதிக் காவலர் மாற்றுச் சாவிக்கொத்தை எடுத்துச் சென்று பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறார். சில பெட்டிகளிலே, விடுதி விதிக்கு மாறான சீட்டுக்கட்டுகள் அகப்படுகின்றன. மாலையில் அந்த மாணவர் தலைகுனிந்து நிற்கின்றனர்.

சீட்டுக்கட்டு வைத்திருந்தது பிழையே, அதனை மறுப்பாரில்லை. ஆனால், பெட்டியைத் திறந்தது முறைதானா? “குற்றம் வெளிப்பட்டுவிட்டது, இனி வழியைப் பற்றிப் பேசுவானேன்?” என்பார் சிலர். “இன்று சீட்டுக்கட்டைத் தேடித் திறந்த கை, நாளை கடிதத்தைத் தேடித் திறக்காது என்பதற்கு என்ன உறுதி?” என்பார் வேறு சிலர்.

இது வெறுங் கற்பனை விவாதமன்று. ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே 2023, 2024ஆம் ஆண்டுகளில் இதனையொத்த நிகழ்ச்சி உண்மையாகவே நடந்தேறியது. அங்கே மாணவர் வைத்திருந்தது பெட்டியன்று, கைத்தொலைபேசி. திறந்து பார்த்தவர் விடுதிக் காவலரல்லர், மாநிலக் குற்றப் புலனாய்வுப் பகுதியினர். கல்லூரி விளையாட்டு வீரர் பலர் குற்றவாளிக் கூண்டை எதிர்நோக்கினர். இறுதியிலே சிலர்மீதிருந்த குற்றச்சாட்டுகளை வழக்குத் தொடுத்தவர்களே கைவிட்டனர். பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒவ்வொரு குடும்பமும், படிக்கின்ற ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

சோள நாடும் சூதாட்டமும்

மிசிசிப்பி, மிசூரி என்னும் இரு பேராறுகளுக்கிடையே பரந்து கிடக்கும் வேளாண் பூமி அயோவா. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சோளக் கொல்லைகளே தோன்றும். பெருநகரங்களிலே உள்ளவை போன்ற முதன்மையான தொழில்முறை விளையாட்டுக் குழுக்கள் அம்மாநிலத்தில் இல்லை. ஆகவே மக்கள் தம் அன்பு முழுவதையும் சர்வகலாசாலைக் குழுக்கள் மீதே சொரிகின்றனர். அயோவா நகரிலுள்ள அயோவா சர்வகலாசாலையும், ஏம்ஸ் நகரிலுள்ள அயோவா மாநிலச் சர்வகலாசாலையும் நெடுங்காலப் போட்டியாளர். இரண்டின் உதைபந்தாட்ட அரங்குகளிலும் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அமர்ந்து பார்க்கலாம். (அவர்கள் உதைபந்தாட்டம் என்பது, பந்தைக் கையிலே ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்தையே.) அவ்வரங்குகளில் ஆடும் இளைஞரின் முகங்களை ஊரிலே அறியாதார் இல்லை.

விளையாட்டுப் போட்டிகளின் மீது பணயம் வைப்பதை அமெரிக்க மாநிலங்களிற் பெரும்பாலானவை அனுமதிக்க முடியாதவாறு ஒரு சட்டம் நெடுநாள் தடுத்து வந்தது. 2018ஆம் ஆண்டில் அந்நாட்டின் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. மறு ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அயோவாவில் இத்தகைய பணய விளையாட்டு சட்டபூர்வமாயிற்று. சூதாட்டக் கூடத்துக்குப் போகவும் வேண்டியதில்லை; படுக்கையிற் சாய்ந்தவாறே கைத்தொலைபேசியிலுள்ள செயலி மூலம் பணயம் வைக்கலாம். விளம்பரங்களோ திரும்பிய பக்கமெல்லாம்!

ஆயினும் இரு தடைகள் இருந்தன. 21 வயது நிரம்பாதோர் பணயம் வைத்தலாகாது என்பது மாநிலச் சட்டம். கல்லூரி வீரர் எவ்வயதினராயினும், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்தும் எந்த விளையாட்டின் மீதும் பணயம் வைத்தலாகாது என்பது அச்சங்கத்தின் விதி. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, “நீ மட்டும் நுழையாதே” என்று இளைஞரிடம் சொன்னாற் போலாயிற்று. சிலர் நுழைந்தனர். தம் பெயரில் நுழைய இயலாதவர், உறவினர் பெயரிலோ நண்பர் பெயரிலோ திறந்த கணக்கின் மூலம் நுழைந்தனர் என்பதே பின்னர் எழுந்த குற்றச்சாட்டு.

கண்ணுக்குத் தெரியாத வேலி

இவர்கள் அகப்பட்ட விதத்தைச் சற்று விளக்கமாகக் கூறவேண்டும்.

சூதாட்டச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆகவே பணயம் வைப்பவர் அயோவாவின் எல்லைக்குள்ளேதான் நிற்கிறாரா என்பதை ஒவ்வொரு முறையும் உறுதிப்படுத்த வேண்டிய கடமை பணய நிறுவனங்களுக்கு உண்டு. இதற்கெனவே வேறொரு தொழில்நுட்ப நிறுவனம் தொலைபேசியின் இருப்பிடத்தை நோட்டமிட்டுச் சொல்லும். எல்லையைச் சுற்றிக் கண்ணுக்குப் புலப்படாத வேலியொன்றை அடைத்து வைத்தாற் போன்ற ஏற்பாடு அது. தொலைபேசி வேலிக்குள் இருந்தாற் பணயம் ஏற்கப்படும். வெளியே இருந்தால் மறுக்கப்படும்.

சட்டம் ஒழுங்காக நடைபெறுகின்றதா என்று மேற்பார்வை செய்வதற்காக, அந்நிறுவனத்தின் கருவியைப் பார்வையிடும் வாய்ப்பு மாநிலப் புலனாய்வுப் பகுதிக்கும் கிடைத்திருந்தது. அந்த வாய்ப்பைத்தான் ஓர் அதிகாரி வேறுவிதமாகப் பயன்படுத்தினார். மாநிலத்தைச் சுற்றியிருந்த பெரிய வேலியை விடுத்து, சர்வகலாசாலை விடுதியொன்றைச் சுற்றிச் சிறிய வேலியொன்றை வரைந்து பார்த்தார். அதனுள்ளே பணயங்கள் வைக்கப்பட்டமை தெரிந்தது. பின்னர் வீரரும் பயிற்சியாளருமே பெரும்பாலும் நடமாடும் விளையாட்டுக் கட்டடங்களைச் சுற்றி வேலி வரைந்தார். அங்கே தோன்றிய கணக்குகளின் விபரங்களைப் பணய நிறுவனங்களிடமிருந்து அழைப்பாணை மூலம் பெற்றனர். அவற்றைக் கொண்டு மாணவரை ஒவ்வொருவராக விசாரித்தனர், தொலைபேசிகளையும் கைப்பற்றினர்.

வேலி வரைந்த அந்த முதற் படியில் நீதவானின் சோதனை ஆணை பெறப்படவில்லை. எவரும் முறைப்பாடு செய்திருக்கவுமில்லை. இன்னார் குற்றம் செய்தார் என்னும் ஐயமும் தோன்றியிருக்கவில்லை. முதலிலே பெட்டியைத் திறந்தனர். குற்றத்தைப் பின்னரே தேடினர்.

வழக்கு எழுந்தது

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் இரு சர்வகலாசாலைகளும் செய்தியை வெளியிட்டன. அயோவா சர்வகலாசாலையில் 26 வீரரும், அயோவா மாநிலச் சர்வகலாசாலையில் ஏறத்தாழ 15 வீரரும் விசாரணைக்கு உட்பட்டிருப்பதாக அறிந்து ஊரே திகைத்தது. ஆகஸ்ட் மாதம் தொடக்கம் வழக்குகள் பதிவாயின. உதைபந்தாட்டம், மற்போர் முதலிய துறைகளைச் சேர்ந்த இருபதுக்கு மேற்பட்டோர் குற்றஞ் சாட்டப்பெற்றனர்.

பிறர் பெயரிலுள்ள கணக்கை உபயோகித்தமையால் ‘ஆவணங்களைத் திரித்தல்’ என்னும் குற்றம் பலர்மீது சுமத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடமுள்ள குற்றம் அது. தம் குழுவின் ஆட்டங்கள் மீதே பணயம் வைத்தார் என்றும் சிலர்மீது கூறப்பட்டது. ஆயினும், காசுக்காக ஆட்டத்தைத் திரித்து விளையாடினார் என்று எவர்மீதும் குற்றச்சாட்டு எழவில்லை என்பதை மறத்தலாகாது.

இருபது வயது இளைஞன். ஒரு புறம் சிறை என்னும் அச்சம். மறு புறம், “வயது வருமுன் சூதாடினேன் என்னும் சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும்” என்னும் வழி. அவன் எதைத் தெரிந்தெடுப்பான்? பலர் பணிந்தனர். 645 டொலர் அபராதம் செலுத்தினர்; கடுமையான குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. வழக்கு முடிந்ததென்று அவர்களின் வீட்டார் பெருமூச்சு விட்டிருப்பர்.

வழக்கு விழுந்தது

சிலர் மட்டும் பணியவில்லை. அவர்களின் சட்டத்தரணிகள் ஒரே ஒரு கேள்வியை விடாது கேட்டனர்: “எங்கள் கட்சிக்காரர்மீது உங்கள் கண் முதன்முதல் விழுந்தது எவ்வாறு?”

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சத்தியஞ் செய்து சாட்சியமளித்த புலனாய்வு அதிகாரிகளின் வாய்மொழியாலேயே மறைந்திருந்தது வெளிப்பட்டது. ஆணையின்றி வேலி வரைந்த கதை அப்போதுதான் தெரியவந்தது. விசாரணையின் உண்மை நோக்கம் தமக்கு மறைக்கப்பட்டதாக மற்றோர் அதிகாரியே கூறினார். பணய நிறுவனங்களைப் பற்றிய நிர்வாக விசாரணை இதுவென்று எண்ணியே தாம் மாணவரிடம் பேசியதாகவும், உண்மை தெரிந்தபின் அப்பணியிலிருந்து விலகியதாகவும் அவர் சொன்னார்.

மாநிலப் பொதுப் பாதுகாப்புத் திணைக்களம் இதனை ஏற்கவில்லை. சட்ட ஆலோசனை பெற்றே நடந்ததாகவும், தம் அதிகாரிகள் சட்டத்தை மீறவில்லையென்றும் அது உறுதியாகக் கூறியது. செயலியைத் தொலைபேசியிற் பதிக்கும்போதே இருப்பிடத்தை அறிய மாணவர் இசைந்துவிட்டாரே என்பதும் பொலிஸாரின் பக்கம் நின்று சொல்லக்கூடிய நியாயமே.

ஆயினும், கருவியைக் கையாண்ட முறை அதற்கு விதித்த எல்லையைக் கடந்திருந்தது என்னும் தகவல் வழக்குத் தொடுநர்க்கு எட்டியது. 2024 மார்ச் 1ஆம் திகதி, அவர்களே நீதிமன்றத்தை வேண்டி, அயோவா மாநிலச் சர்வகலாசாலையைச் சேர்ந்த நால்வர் மீதிருந்த குற்றச்சாட்டுகளை நீக்கினர். மூவர் உதைபந்தாட்ட வீரர். ஒருவர் மற்போர் வீரர். சோதனை சட்டத்துக்கு அமைந்ததா இல்லையா என்று நீதிபதி தீர்ப்புச் சொல்லுமுன்னரே வழக்கு தானே சரிந்து விழுந்தது.

சூதாட்ட வழக்குகள் எழுப்பிய மதில்

“சூதாடிகளுக்கு இத்துணைப் பாதுகாப்பா?” என்று வாசகர் கேட்கலாம். வியப்பு என்னவெனில், அமெரிக்கக் குடிமகனின் அந்தரங்கத்தைக் காக்கும் மதிலின் பெருங் கற்கள் சில, சூதாட்ட வழக்குகளிலிருந்தே எடுக்கப்பட்டன!

அம்மதிலின் அடித்தளம் இங்கிலாந்திலே இடப்பட்டது. 1762ஆம் ஆண்டில் ஜோன் என்டிக் என்னும் எழுத்தாளரின் வீட்டுக்குள் அரசரின் ஏவலர் நுழைந்து, நான்கு மணி நேரம் துருவி, தாள்களை அள்ளிச் சென்றனர். அமைச்சரின் கட்டளை கையிலிருந்தது. சட்டத்தின் கட்டளையோ இல்லை. அது அத்துமீறலே என 1765இல் கம்டன் பிரபு தீர்ப்பளித்தார். இத்தகைய துருவல்களால் அமெரிக்கக் குடியேற்ற மக்களும் வெகுண்டிருந்தனர். விடுதலை பெற்ற பின்னர், தக்க காரணமும் குறித்த ஆணையுமின்றி வீட்டையோ தாள்களையோ சோதித்தலாகாது என்று தம் அரசியலமைப்பில் 1791ஆம் ஆண்டு நான்காந் திருத்தத்தைப் பொறித்து வைத்தனர்.

எழுதி வைத்தாற் போதுமா? மீறிய பொலிஸாருக்கு என்ன இழப்பு? இக்கேள்விக்கு 1914இல் விடை கிடைத்தது. அதிர்ஷ்டச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பினார் என்று கன்சாஸ் சிற்றியைச் சேர்ந்த வீக்ஸ் என்பவர் மீது வழக்கு. அயலவர் காட்டிய சாவியால் அவர் வீட்டைத் திறந்து, ஆணையின்றிக் கடிதங்களை எடுத்துச் சென்றனர். அவ்வாறு எடுத்தவற்றை மத்திய நீதிமன்றங்களில் அவருக்கு எதிராகப் பயன்படுத்துதல் கூடாதென்று உயர்நீதிமன்றம் விதித்தது. 1961இல் கிளீவ்லண்ட் நகர்ப் பெண்மணியான மாப் என்பவரின் வழக்கிலே, இவ்விதி மாநில நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்றாயிற்று. அமெரிக்கச் சட்ட அறிஞர் இத்தகைய சான்றின் வழியாகப் பெறும் பிற சான்றுகளை ‘நச்சு மரத்தின் கனி’ என்பர். மரம் நஞ்சாயின், கனி எத்துணைப் பழுத்ததாயினும் உண்ணலாகாது.

அடுத்த கல் 1967இல் அமைந்தது. கல்லூரிக் கூடைப்பந்தாட்டங்களைக் கணித்துப் பணயம் வைப்பதில் வல்லவர் காட்ஸ் என்பவர். லொஸ் ஏஞ்ஜல்ஸ் நகரத் தெருவோரத் தொலைபேசிக் கூண்டிலிருந்து வேறு நகரங்களுக்குப் பணயச் செய்தி சொன்னார். மத்திய புலனாய்வினர் கூண்டின் வெளிப்புறத்திலே ஒலிப்பதிவுக் கருவி பொருத்திக் கேட்டனர். கூண்டுக்குள் ஒருவரும் நுழையவில்லையே என்றது அரசு. சட்டம் காப்பது மனிதரை, இடங்களை மாத்திரமன்று என்றது நீதிமன்றம். 2018இல் கார்ப்பென்டர் வழக்கிலே, ஒருவரின் கைத்தொலைபேசி 127 நாட்கள் எங்கெங்கு சென்றது என்னும் குறிப்புகளைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து பெறுவதற்கும் பொதுவாகச் சோதனை ஆணை வேண்டுமென ஐந்து நீதிபதிகள் தீர்மானித்தனர், நால்வர் மாறுபட்டனர். இந்த வழியிலேயே அயோவா மாணவரின் சட்டத்தரணிகள் நின்று வாதிட்டனர்.

எல்லா நாடுகளும் இவ்வழியிற் செல்லவில்லை. 1955இல் கென்யாவைச் சேர்ந்த குருமா என்பவரின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகத்துக்குச் சென்றது. அவரைச் சோதித்தவர்களுக்கு அதற்கான அதிகாரம் இருக்கவில்லை. ஆயினும் இரண்டு துப்பாக்கி ரவைகள் அகப்பட்டன என்பதற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. சான்று விடயத்தோடு பொருந்துமாயின், பெற்ற வழி எதுவாயினும் ஏற்கலாம் எனக் கழகம் கூறி, மேன்முறையீட்டைத் தள்ளியது. 1971 வரை இலங்கை வழக்குகளுக்கும் இறுதி நீதிமன்றமாக விளங்கியது இதே கழகமாதலின், இந்த வேறுபாடு நம் நாட்டாரும் சிந்திக்கத் தக்கதாகும்.

பணிந்தவரும் நின்றவரும்

மீண்டும் அயோவாவுக்கு வருவோம். குற்றச்சாட்டு நீங்கியதோடு எல்லாம் சீர்ப்பட்டதா? இல்லை என்பதே துயரம்.

விளையாட்டு வீரனின் பருவம் பூவின் பருவம் போன்றது. கல்லூரியிலே நான்கு ஆண்டுகள் ஆடக் கிடைப்பதே அரிது. அதில் ஒன்றை இழந்தவனுக்கு எந்த நீதிமன்றமும் அதனைத் திருப்பித் தர இயலாது. சிலர் குழுவை விட்டு நீங்கினர். சிலர் வேறு கல்லூரி தேடினர். தொழில்முறைக் குழுவிற் சேர்ந்திருந்த ஒருவர், அக்குழுக்களின் சங்கம் விதித்த தடையால் ஓராண்டுக்கு மேல் அரங்குக்கு வெளியே நின்றார். செய்தித்தாளில் வந்த பெயரும் படமும் அழியவில்லை.

இதனினும் மனத்தை வருத்துவது வேறொன்று. ஒரே விசாரணையில் அகப்பட்டவர்களுள், எதிர்த்து நின்ற நால்வர் குற்றச்சாட்டு நீங்கி வெளியேறினர். அஞ்சி முன்னரே ஒப்புக்கொண்டவர்களோ, குற்றத் தீர்ப்பைச் சுமந்தவாறு நின்றனர். வேலி வரைந்த கதை வெளிப்படுமுன்னரே அவர்கள் கையொப்பமிட்டுவிட்டனர். நிற்க வல்லவனுக்கு ஒரு நீதி, நிற்க மாட்டாதவனுக்கு ஒரு நீதி என்றால், துலாக்கோல் எங்கேயோ சாய்ந்திருக்கின்றது.

2024 ஏப்ரல் மாதத்தில் 26 வீரர் ஒன்றுசேர்ந்து, தம் உரிமை மீறப்பட்டதென மாநிலத்துக்கும் புலனாய்வினர்க்கும் எதிராக மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். குற்றஞ் சாட்டப்பட்டவர் முறையிடுவோராக மாறினர்.

இல்லங்களுக்கு ஒரு சொல்

இவ்வரலாற்றைப் படித்துவிட்டு, சூதாடுவது குற்றமன்று என்று மாணவர் எவரும் எண்ணிவிடலாகாது. நாடும் நகரும் வைத்து ஆடிய தருமன் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். வள்ளுவரும் சூதுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். கைக்குள் அடங்கும் கருவிக்குள் அடங்கிவிட்டதால் அப்பழைய நோய் சிறியதாகிவிடவில்லை. பெற்றோர் கண்ணுக்கு மறைந்து பெரியதாகவே ஆகிவிட்டது. பிறர் பெயரிலே கணக்குத் திறக்க நேர்ந்த கணமே, செய்வது தவறென்று மனச்சான்று சொல்லியிருக்கும்.

ஆயினும் அதே வள்ளுவர் ஒற்றாடலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டுமென்று அரசனுக்கு அறிவுறுத்தினார். பார்க்கும் கண் அரசுக்கு வேண்டும். அக்கண்ணைப் பார்க்கும் வேறொரு கண்ணும் வேண்டும். சோதனை ஆணை என்பது அந்த இரண்டாவது கண். பொலிஸார் விரும்புவதைப் பொலிஸாரல்லாத ஒருவர் நிதானமாக நோக்கி, “காரணம் உண்டு, செல்க” என்றோ “காரணம் போதாது, நில்” என்றோ சொல்லும் ஏற்பாடு அது. அதற்குச் சில மணி நேரம் செல்லலாம். அயோவாவில் அந்தச் சில மணி நேரத்தைச் செலவிட மனமின்றித் தொடங்கிய வேலை, மாதக்கணக்கான உழைப்பையும் இளைஞர் பலரின் நற்பெயரையும் விழுங்கிவிட்டு வெறுங்கையோடு முடிந்தது.

பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். பிள்ளை தவறு செய்தான் என்று அறிந்தால் வீட்டிலே கண்டியுங்கள். ஆனால் விசாரணை என்று ஒருவர் வந்தால், அவனைத் தனியே விட்டுவிடாதீர்கள். “என்ன காரணத்துக்காக? எந்தச் சட்டத்தின் கீழ்?” என்று பணிவோடு கேட்பது மரியாதைக் குறைவன்று. சட்டந் தெரிந்த ஒருவரைக் கலந்துகொள்ளாமல் எதிலும் கையொப்பமிடச் செய்யாதீர்கள். மானத்துக்கு அஞ்சி அவசரமாக முடித்த வழக்கு, வாழ்நாள் முழுவதும் முடியாத வழக்காகிவிடக் கூடும்.

பயிரைக் காப்பதற்கே வேலி. பயிரிலே களை முளைத்திருக்கலாம். களைய வேண்டியதும் உண்மையே. ஆனால், களையைக் காட்டி வேலியே வயலுக்குள் இறங்கிவிட்டால், உழவன் எதை நம்பி இரவிலே உறங்குவான்?